‘பொதி இல்லை’ என்று மூன்று விதமாகச் சொன்ன கணினிகள்: ஒரு தோட்டப் படிப்பகத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில் உள்ள ஒரு தோட்டத்தின் கீழ் டிவிசனில், பாவனையில்லாமல் கிடந்த பிள்ளைக்காம்பராவுக்கு (தொழிலாளரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) சுண்ணாம்பு அடித்து, இளைஞர்கள் சிலர் படிப்பகமாக நடத்துகிறார்கள். கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர், தொழிற்சங்கத் துண்டுப் பிரசுரம் என்று லயத்து வீடுகளின் டிரங்குப் பெட்டிகளில் மக்கிக்கொண்டிருந்த அச்சுத் தாள்களைச் சேகரித்து, ஸ்கேன் செய்து, உள்ளே உள்ள எழுத்தைத் தேடக்கூடிய பீடிஎஃப் ஆக்குவது அவர்கள் கையிலெடுத்த வேலை. இலங்கைத் தமிழ் ஆவணங்களை நூலகம் என்ற எண்ணிம நூலகம் 2005 முதல் இணையத்தில் சேர்த்து வருகிறது. அதைப் பார்த்து வந்த ஆசை.

கையில் இருந்தவை நான்கு கணினிகள். கொழும்பில் உள்ள ஒரு நலன்விரும்பி கொடுத்த இரண்டு லெப்டொப்களில் லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவின் 23.10 பதிப்பு இருந்தது. இன்னொரு லெப்டொப்பில் உபுண்டு 24.04, இணைய இணைப்பே இல்லாமல் பென் டிரைவிலிருந்து நிறுவியது. நான்காவது, ஒரு கடையில் கழித்துவிட்ட பழைய 32 பிட் டெஸ்க்டொப். அதில் உபுண்டுவின் இலகு வடிவமான லுபுண்டு 18.04.

வேலைக்குத் தேவையான மென்பொருள் பெரிதாக ஒன்றுமில்லை. படத்திலிருந்து எழுத்தை வாசிக்க டெசராக்ட், அதை பீடிஎஃப்போடு சேர்க்க ஓசிஆர்மைபீடிஎஃப், திருத்தித் தட்டச்சு செய்ய ஒரு தமிழ் விசைப்பலகை, இவ்வளவுதான். எல்லாமே உபுண்டுவின் களஞ்சியத்தில், அதாவது மென்பொருள்களைப் பொதிகளாக (பேக்கேஜ்) வைத்திருக்கும் இணையக் கிடங்கில், இலவசமாக உள்ளவை. படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் தங்கச்சி ஒரு நாள் வாட்ஸ்அப்பில் எனக்குக் குரல் பதிவு அனுப்பினார்: “அண்ணே, எல்லா மெசினுக்கும் ஒரே கமாண்டுதான் குடுத்தோம். ஒவ்வொன்னும் ஒவ்வொரு மாதிரி திட்டுது. பேக்கேஜ் இல்லையாம்.”

அவர் சொன்னதில்தான் விடையும் இருந்தது. ஒரே கட்டளைக்கு வேறு வேறு பதில் வருகிறதென்றால் நோயும் வேறு வேறு. எல்லாவற்றையும் ‘பேக்கேஜ் இல்லை’ என்ற ஒரே பெயரில் போட்டுக் கலக்கியதுதான் அவர்களை ஒரு மாதம்போல் சுற்றவைத்தது.

ஒரே கட்டளை, மூன்று பதில்

கொடுத்த கட்டளை ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டோல் டெசராக்ட்-ஓசிஆர்’. ஆப்ட் என்பது களஞ்சியத்திலிருந்து பொதிகளை இறக்கி நிறுவும் கருவி.

24.04 லெப்டொப் ‘அனேபிள் டு லொக்கேட் பேக்கேஜ்’ என்றது. பொதி எங்கே இருக்கிறது என்று தெரியாது என்பதே அதன் பொருள். உலகத்தில் அப்படி ஒரு பொதி கிடையாது என்று அது சொல்லவில்லை. ஆப்ட் ஒவ்வொரு முறையும் இணையத்தில் போய்த் தேடுவதில்லை. தன்னிடம் சேமித்து வைத்திருக்கும் பட்டியலைத்தான் புரட்டுகிறது. அந்தப் பட்டியலை ‘ஆப்ட் அப்டேட்’ கொடுத்துத்தான் இறக்க வேண்டும். இணைப்பில்லாமல் நிறுவிய கணினியிடம் பென் டிரைவில் வந்த பொதிகளின் பட்டியல் மட்டுமே இருக்கும். டெசராக்ட் இருப்பதோ ‘யுனிவர்ஸ்’ என்ற பகுதியில். உபுண்டுவின் களஞ்சியம் மெயின், ரெஸ்ட்ரிக்டட், யுனிவர்ஸ், மல்டிவர்ஸ் என நான்காகப் பிரிந்தது. நிறுவல் வட்டில் வருபவை முதல் இரண்டும்தான். ஒருமுறை அப்டேட் ஓடியதும் இந்தக் கணினியின் நோய் தீர்ந்தது.

பழைய டெஸ்க்டொப், பொதியைக் கண்டுபிடித்துவிட்டது. இறக்கத் தொடங்கியும் விட்டது. ஆனால் நடுவில் சில வரிகளில் ‘404 நொட் ஃபவுண்ட்’. இங்கே கவனிக்க வேண்டியது, எல்லா வரியிலும் அல்ல, சில வரிகளில் மட்டும் என்பது. டெசராக்ட் இறங்கியது. கூடவே வரவேண்டிய ஒன்றிரண்டு சார்புப் பொதிகள் இறங்கவில்லை. பாதுகாப்புத் திருத்தம் வந்த பொதிகளின் பழைய பதிப்பைக் களஞ்சியம் அகற்றிவிடும். இந்தக் கணினியின் பட்டியலோ பழையது. இல்லாத பதிப்பின் முகவரியைக் கேட்டது, 404 வாங்கியது. இதற்கும் மருந்து அப்டேட்தான். ஜன்னலோரம் போனை வைத்து, கேபிள் வழியாக இணைப்பு எடுத்து, இரவில் மெல்ல மெல்ல ஓடி முடிந்தது.

சிக்கல் முழுவதும் அந்த இரண்டு 23.10 லெப்டொப்களில்தான். அவையும் 404 என்றன, ஆனால் எல்லா வரியிலும். அப்டேட் கொடுத்தால் இன்னும் மோசம்: 23.10இன் செல்லப்பெயரான ‘மான்டிக்’ களஞ்சியத்தில் ‘ரிலீஸ் ஃபைல் இனிமேல் இல்லை’ என்ற செய்தி. ‘இனிமேல்’ என்ற அந்தச் சொல்லைப் பார்க்க வேண்டும். முகவரியைத் தப்பாக எழுதியிருந்தால் ‘ரிலீஸ் ஃபைல் இல்லை’ என்று மட்டும் வரும். முன்பு இருந்து இப்போது இல்லாமல் போனால்தான் இந்த வாசகம். ஆப்ட் வாய்ச்சுத்தமான ஆள். சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டால் பாதி வேலை முடியும்.

உபுண்டுவில் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வரும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் வருவது நீண்டகால ஆதரவுப் பதிப்பு, ஐந்து வருடம் திருத்தங்கள் கிடைக்கும். இடையில் வருபவற்றுக்கு ஒன்பது மாதம்தான். 23.10 வந்தது 2023 அக்டோபரில், அதன் ஆதரவு 2024 ஜூலையில் முடிந்தது. முடிந்த இடைப் பதிப்புகளை வழக்கமான சேவையகங்களிலிருந்து எடுத்து ‘ஓல்ட்-ரிலீசஸ்’ என்ற தனி முகவரிக்கு மாற்றிவிடுவார்கள். 18.04 போன்ற நீண்டகாலப் பதிப்புகளோ, பொது ஆதரவு 2023இல் முடிந்த பின்பும் வழக்கமான முகவரியிலேயே இருக்கின்றன. அதனால்தான் கடையில் கழித்துவிட்ட 2018ஆம் ஆண்டுப் பதிப்பு ஒரு அப்டேட்டுக்குப் பின் பொதிகளை இறக்கியது, ‘புது உபுண்டு’ என்று பெருமையாகக் கொடுத்த 2023ஆம் ஆண்டுப் பதிப்பு கையை விரித்தது. படிப்பகத்தில் இதை யாரும் முதலில் நம்பவில்லை. புதியதென்றால் நல்லது என்ற எண்ணம் போனிலிருந்து வந்தது, லினக்ஸில் அது அப்படியே பொருந்தாது.

நான் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் முதலில் பார்ப்பது பொதியை அல்ல. ‘எல்எஸ்பி_ரிலீஸ் -ஏ’ கொடுத்து எந்தப் பதிப்பு என்று பார்ப்பேன், பிறகு ‘டிபிகேஜி --பிரிண்ட்-ஆர்க்கிடெக்ச்சர்’ கொடுத்து 64 பிட்டா 32 பிட்டா என்று பார்ப்பேன். அடுத்தது ‘ஆப்ட் பொலிசி’ என்ற கட்டளையுடன் பொதியின் பெயர். 23.10இல் அது பதிப்பு எண்ணையும் களஞ்சிய முகவரியையும் தெளிவாகக் காட்டியது. அதாவது பெயர் சரி, பட்டியல் இருக்கிறது, கிடங்குதான் இடம் மாறிவிட்டது. அப்டேட் ஓடாத 24.04இல் எதையும் காட்டவில்லை. இந்த ஒரு கட்டளையே இரண்டு நோய்களையும் பிரித்துக் காட்டிவிடும்.

மாற்று வழி இதுதான். ஈடிசி கோப்புறைக்குள் ஆப்ட் கோப்புறையில் உள்ள ‘சோர்சஸ் டொட் லிஸ்ட்’ கோப்பை ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, அதில் ‘எல்கே டொட் ஆர்கைவ்’ என்று தொடங்கும் முகவரியையும் ‘செக்யூரிட்டி’ என்று தொடங்கும் முகவரியையும் ‘ஓல்ட்-ரிலீசஸ்’ என்று மாற்ற வேண்டும். இலங்கையைத் தெரிவுசெய்து நிறுவிய கணினிகளில் அந்த ‘எல்கே’ இருக்கும். களஞ்சியத்தின் கையொப்பம் பழைய சாவியிலேயே சரிபார்க்கப்படும், அதற்கு வேறொன்றும் செய்யத் தேவையில்லை. இது காயத்துக்குக் கட்டிய துணி மாதிரித்தான், பாதுகாப்புத் திருத்தம் எதுவும் இனி அங்கே வராது. அந்த லெப்டொப்களில் வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் எதுவும் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் மாற்றினேன்.

வெளியிலிருந்து இறக்கிய ‘டெப்’ கோப்பு

நான் போவதற்கு முன்பே ஒரு லெப்டொப்பில் இன்னொரு கோளாறு ஏறியிருந்தது. களஞ்சியம் கைவிட்டதும், தம்பி ஒருவர் தேடுபொறியில் டெசராக்ட் என்று தட்டி, கிடைத்த டெப் கோப்புகளை (ஒவ்வொன்றும் ஒரு பொதி) இறக்கி ‘டிபிகேஜி -ஐ’ கொடுத்து நிறுவப் பார்த்திருக்கிறார். அவை 24.04க்கானவை. டெசராக்டின் மூல நூலகம் (மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் தொகுப்பை நூலகம் என்பார்கள்) ‘லிப்ஆர்கைவ்13டி64’ என்ற பொதியைக் கேட்டது. 23.10இல் அதன் பெயர் ‘லிப்ஆர்கைவ்13’, வாலில் டி64 இல்லை.

அந்த வாலுக்கு ஒரு கதை உண்டு. 32 பிட் எண்ணில் நொடிகளை எண்ணும் கணினிகளின் கடிகாரம் 2038 ஜனவரி 19ஆம் திகதி நிரம்பி வழியும். அதைத் தடுக்க, உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனும் உபுண்டுவும் நேரத்தை 64 பிட்டுக்கு மாற்றின. அந்த மாற்றத்தால் பாதிக்கப்படும் நூலகங்களின் பெயருக்குப் பின்னால் டி64 சேர்த்தன. உபுண்டுவில் இது 24.04இல் வந்தது. புதிய பெயருள்ள பொதி, 64 பிட் கணினிகளில் பழைய பெயரையும் தன் பெயராக அறிவித்துக்கொள்ளும். ஆகவே பழைய பெயரைக் கேட்கும் மென்பொருள் புதிய கணினியில் சமாளித்துக்கொள்ளும். புதிய பெயரைக் கேட்கும் மென்பொருளுக்குப் பழைய கணினியில் வழி கிடையாது.

தம்பி அந்த நூலகத்தையும் தேடி இறக்கியிருக்கிறார். அது இன்னொன்றைக் கேட்டிருக்கிறது. டவுன்லோட் கோப்புறை நிறைய டெப் கோப்புகள், பாதி நிறுவப்பட்ட நிலையில் பொதிகள். அதற்குப் பிறகு எதை நிறுவப் போனாலும் ஆப்ட் ‘முதலில் உடைந்ததைச் சரிசெய்’ என்று மறித்தது. களஞ்சிய முகவரியை மாற்றி அப்டேட் ஓட்டிய பின் ‘ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டோல்’ கொடுத்தேன். அது பொருந்தாத டெசராக்டை அகற்றப் போவதாகச் சொன்னது, ஆம் என்றேன், தீர்ந்தது. அகற்றப் போகும் பெயர்களை வாசிக்காமல் ஆம் சொல்லக் கூடாது. அந்தப் பட்டியலில் உபுண்டு-டெஸ்க்டொப் என்ற பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

இங்கே என் கருத்து கொஞ்சம் கடுமையானது. வெளித்தளத்திலிருந்து டெப் கோப்பை இறக்குவது கடைசி வழிகூட அல்ல, வழியே அல்ல. தன் பதிப்புக்கான களஞ்சியம் எங்கேயாவது இருக்கும்வரை, அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும். டேட்டாவுக்கு ரீலோட் போட்டுப் போட்டு இறக்கிய அவ்வளவு கோப்புகளும் கடைசியில் குப்பைக்குத்தான் போயின.

‘டாம்’ எங்கே?

டெசராக்ட் நிறுவியாயிற்று. ஒரு கும்பாபிஷேக மலரின் முதல் பக்கத்தைக் கொடுத்தார்கள், தமிழில் வாசி என்று ‘-எல் டாம்’ சேர்த்து. பதில்: ‘டாம் டொட் ட்ரெயின்ட்டேட்டா’ என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை, ‘டெஸ்டேட்டா_பிரிஃபிக்ஸ்’ என்ற சூழல் மாறி (நிரல்கள் எடுத்துப் பார்க்கும் ஓர் அமைப்பு மதிப்பு) சரியான கோப்புறையைக் காட்டுகிறதா என்று பார்.

இந்தச் செய்தி கொஞ்சம் வழி மாற்றிவிடும். காரணத்தை முதலில் சொல்லிவிட்டு, பிறகு தேவையில்லாத ஒரு அறிவுரையையும் சேர்த்துச் சொல்கிறது. படிப்பகத்தில் அறிவுரையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த மாறிக்கு ஒரு கோப்புறையின் பெயரைக் கொடுத்து, உள்நுழையும்போதெல்லாம் தானாக ஏறும்படி எழுதியும் வைத்துவிட்டார்கள். கொடுத்த கோப்புறையும் ஒரு படி மேலே உள்ளது. விளைவு, அதுவரை வேலை செய்த ஆங்கிலமும் போயிற்று. அந்த வரியை அழித்து, டெர்மினலை மூடித் திறந்து, ‘டெசராக்ட் --லிஸ்ட்-லேங்ஸ்’ கொடுத்தால் ஆங்கிலம் ஒன்றும், தாளின் திசையை அறியும் ஓஎஸ்டி ஒன்றும் வந்தன. தமிழ் இல்லை. கோப்பு வேறு இடத்தில் இருக்கவில்லை, கணினியிலேயே இருக்கவில்லை. டெசராக்ட் பொதியோடு தானாக வருபவை அந்த இரண்டு மட்டும்தான்.

அப்படியானால் எந்தப் பொதியில்? ‘டெசராக்ட்-ஓசிஆர்-தமிழ்’ என்று தட்டினார்கள், இல்லை. ‘டெசராக்ட்-ஓசிஆர்-டிஏ’ என்று தட்டினார்கள், அதுவும் இல்லை. இரண்டுக்கும் அதே ‘அனேபிள் டு லொக்கேட் பேக்கேஜ்’. முன்பு வந்த அதே வாசகம், ஆனால் இப்போது களஞ்சியம் சரி, பட்டியல் சரி, பெயர்தான் பிழை.

நிறுவிய பொதிகளுக்குள் ஒரு கோப்பு எதைச் சேர்ந்தது என்று கேட்க ‘டிபிகேஜி -எஸ்’ போதும், அந்த எஸ் பெரிய எழுத்தில். இன்னும் நிறுவாத பொதிகளுக்குள் தேட ‘ஆப்ட்-ஃபைல் சேர்ச்’ வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்களே அதிகம். இல்லாத கோப்பை முதல் கட்டளையிடம் கேட்டு, ‘எதிலும் இல்லை’ என்ற பதிலை நம்பிவிடுவார்கள். ஆப்ட்-ஃபைல் தனியாக நிறுவ வேண்டியது. அதற்கென்று ‘ஆப்ட்-ஃபைல் அப்டேட்’ வேறு ஓட்ட வேண்டும். களஞ்சியத்தில் உள்ள ஒவ்வொரு கோப்பின் பெயரும் இறங்குவதால் அது டேட்டாவைத் தின்னும். சிக்னல் இல்லாத இடத்தில் இன்னும் மலிவான வழி, உபுண்டுவின் பொதித் தளத்தை போனில் திறந்து, கோப்பின் பெயரால் தேடும் பெட்டியில் அந்த ட்ரெயின்ட்டேட்டா பெயரைப் போட்டு, பதிப்பைத் தெரிவுசெய்வது. சில கிலோபைட்டில் விடை வந்துவிடும்.

விடை: டெசராக்ட்-ஓசிஆர்-டாம்.

தமிழுக்குக் கணினி உலகில் மூன்று குறிகள் உண்டு, மூன்றும் பொதிப் பெயர்களில் வருகின்றன. மொழிக்கான இரண்டெழுத்துக் குறி ‘டிஏ’. லிப்ரேஓபிஸின் தமிழ் இடைமுகப் பொதி அந்த வாலோடு இருக்கும். மூன்றெழுத்துக் குறி ‘டிஏஎம்’ (மேலே வந்த ‘டாம்’), அதுதான் டெசராக்ட் வைத்திருப்பது. எழுத்து வடிவத்துக்கான நான்கெழுத்துக் குறி ‘டிஏஎம்எல்’, எழுத்துருக்களின் தொகுப்புப் பொதியான ‘ஃபொன்ட்ஸ்-டிஏஎம்எல்’ அதன்படி. டெசராக்டிலேயே தமிழ் மொழிக்கு ஒரு தரவு, தமிழ் எழுத்துக்கு இன்னொரு தரவு என்று இரண்டு பொதிகள் இருக்கின்றன. ஆகவே பொதிப் பெயரில் ‘தமிழ்’ என்ற முழுச் சொல்லைத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம். ‘ஆப்ட் சேர்ச் தமிழ்’ என்று ஆங்கில எழுத்தில் தேடினால் நிலைமை வேறு. அது பொதியின் விளக்கத்தையும் சேர்த்துத் தேடும், விளக்கத்தில் மொழியின் முழுப் பெயர் இருக்கும். நீண்ட பட்டியல் வரும், ஆனால் உள்ளே இருக்கும்.

தமிழ்த் தரவு ஏறியதும் 1990களின் மலர்கள் நன்றாகவே வந்தன. அதற்கு முந்திய தாள்களில், துதிக்கை வைத்த பழைய லையும் னையும் வரும் இடமெல்லாம் தடுமாற்றம். கையால் எழுதிய பழைய செக்ரோல் (தோட்டத் தொழிலாளர் பெயர்ப் பதிவு) பிரதி ஒன்றையும் ஆசையில் கொடுத்துப் பார்த்தார்கள். வந்தது எந்த மொழியிலும் இல்லை. அதை எந்தப் பொதி நிறுவியும் தீர்க்க முடியாது.

பள்ளத்தில் உள்ள கணினிக்குப் பொதி கொண்டுபோதல்

படிப்பகம் இருப்பது பள்ளத்தில். கோயிலடிக்கு ஏறினால்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். அதனால் ஒரு லெப்டொப்பை ஹட்டனுக்குக் கொண்டுபோய் இறக்கி, மற்றதற்குப் பென் டிரைவில் மாற்றுவது என்று முடிவு.

‘ஆப்ட்-கெட் இன்ஸ்டோல் --டவுன்லோட்-ஒன்லி’ என்று கொடுத்தால் பொதிகள் நிறுவப்படாமல் இறங்கி மட்டும் நிற்கும். அவை வார் கோப்புறைக்குள், கேஷ், ஆப்ட், ஆர்கைவ்ஸ் என்ற வரிசையில் இருக்கும். இங்கே ஒரு சின்ன வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். வெறும் ‘ஆப்ட்’ நிறுவி முடித்ததும் இறக்கிய டெப் கோப்புகளை அழித்துவிடும், பழைய ‘ஆப்ட்-கெட்’ அழிக்காமல் வைத்திருக்கும். மற்றவர்களுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் ஆப்ட்-கெட் நல்லது.

பென் டிரைவ் வந்தது. இரண்டாவது லெப்டொப்பில் ‘ஆப்ட் இன்ஸ்டோல்’ கொடுத்து, புள்ளி, சாய்கோடு, நட்சத்திரம், டொட் டெப் என்று முடித்தார்கள். அந்தப் புள்ளியும் சாய்கோடும் இல்லாவிட்டால் ஆப்ட் அதைக் கோப்பு என்று எடுக்காமல் பொதிப் பெயர் என்று நினைத்துக்கொள்ளும். சரியாகத்தான் கொடுத்தார்கள். ஆனாலும் ஒரு சார்புப் பொதி கிடைக்கவில்லை என்று நின்றது. இரண்டும் 23.10, இரண்டும் 64 பிட். எங்கே குறைந்தது?

டவுன்லோட்-ஒன்லி, அந்தக் கணினியில் இல்லாததை மட்டும்தான் இறக்கும். முதல் லெப்டொப்பில் முந்தைய உரிமையாளர் ஏதோ படத்தொகுப்பு மென்பொருள் போட்டிருந்தார், அதோடு வந்த நூலகங்கள் ஏற்கெனவே இருந்தன. ஆகவே அவை இறங்கவில்லை, பென் டிரைவிலும் இல்லை. இரண்டாவது லெப்டொப் வெறுமையாக இருந்தது, அதற்கு அவை வேண்டும். இப்படிக் கொண்டுபோவதாக இருந்தால், எந்தக் கணினி மிக வெறுமையாக இருக்கிறதோ அதைத்தான் டவுனுக்கு எடுத்துப் போக வேண்டும்.

இரண்டாவது முறை லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு போக யாருக்கும் மனமில்லை. தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் பக்கத்தில் மே முதல் செப்டம்பர் வரை நின்று பெய்யும். ஓட்டோவிலிருந்து இறங்கிப் படிப்பகம் வரை நடக்கிற தூரத்துக்கே நனைந்துவிடும். அதனால் வேறு வழி: முதல் லெப்டொப்பின் பட்டியல் கோப்புகளை, வார், லிப், ஆப்ட், லிஸ்ட்ஸ் என்ற கோப்புறையிலிருந்து இரண்டாவதற்குப் பிரதி எடுத்தோம். பதிப்பும் களஞ்சிய முகவரியும் ஒன்றாக இருந்தால் இது செல்லும். பிறகு இரண்டாவதில் ‘ஆப்ட்-கெட் இன்ஸ்டோல் --பிரிண்ட்-யூஆர்ஐஸ்’ கொடுத்ததும், அந்தக் கணினிக்குத் தேவையான ஒவ்வொரு பொதியின் முழு முகவரி, கோப்பின் பெயர், அளவு, சரிபார்ப்புக் குறி எல்லாம் வரி வரியாக வந்தன. பென் டிரைவில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்து, குறைந்த சிலவற்றின் முகவரிகளை ஒரு கோப்பில் எழுதி, ஹட்டனில் உள்ள ஒரு கொமியுனிகேஷன் கடைக்கு அனுப்பினோம். அங்கே இருப்பது விண்டோஸ்தான். முகவரியைப் பிரவுசரில் ஒட்டினால் டெப் கோப்பு இறங்கிவிடும், அதற்கு லினக்ஸ் தேவையில்லை.

தூக்கிப் போகவே முடியாத கணினிகளுக்கு ‘ஆப்ட்-ஒஃப்லைன்’ என்று ஒரு கருவி இருக்கிறது. தேவையை ஒரு கோப்பில் எழுதித் தரும். இணைப்புள்ள வேறொரு கணினியில் அதைக் கொடுத்தால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தரும். பட்டியல் பழையதாக இருந்தால் முதலில் பட்டியலுக்கு ஒரு நடை, பிறகு பொதிக்கு ஒரு நடை என்று இரண்டு முறை போக வேண்டியிருக்கும், அதுவும் முதலில் அந்தக் கருவியையே கணினிக்குள் ஏற்ற வேண்டும். நான்கு கணினிக்கு அது வேண்டாம் என்று விட்டேன். ஒரு பாடசாலை ஆய்வுகூடம் முழுவதற்கும் என்றால் அதைத்தான் எடுப்பேன்.

பொதி தேவைப்படாத இடங்கள்

விசைப்பலகையில் இரண்டு கட்சி. பிள்ளைகள் தமிழ்99 பழகியவர்கள். அதற்கு எதுவும் நிறுவத் தேவையில்லை. உபுண்டுவோடு வரும் விசைப்பலகைத் தரவிலேயே இலங்கை என்ற தலைப்பின் கீழ் தமிழ்நெட் 99 இருக்கிறது, அமைப்புகளில் போய்ச் சேர்த்தால் முடிந்தது. அதற்காகவும் பொதி தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் திருத்த வேலைக்கு வருகிறார். அவர் தட்டச்சு இயந்திரத்தில் பழகியவர், அவருக்கு ரெங்கநாதன் வரிசைதான் கைக்கு வரும். எஸ்எல்எஸ் 1326 என்ற இலங்கைத் தரத்தில் உள்ள விசைப்பலகையும் அதுவே. ‘ஆப்ட் சேர்ச் ரெங்கநாதன்’ வெறுங்கையோடு திரும்பியது. பொதியின் விளக்கத்தில் அந்தப் பெயர் இல்லை. ஆப்ட்-ஃபைலில் தேடியதும் எம்17என்-டிபி என்ற பொதிக்குள் அந்தப் பெயரில் ஒரு கோப்பு அகப்பட்டது. அதை மேசைத்தளத்தோடு இணைக்கும் பொதி ஐபஸ்-எம்17என், அதை நிறுவினால் மற்றது தானாகக் கூட வரும். நிறுவியதும் பட்டியலில் காணவில்லை என்று மாஸ்டர் சொன்னார். வெளியேறி மீண்டும் உள்நுழைந்ததும் வந்தது.

இன்னொன்று பாமினி. படிப்பகத்துக்குக் கிடைத்த பழைய வேர்ட் கோப்புகள் எல்லாம் பாமினியில் தட்டியவை. லிப்ரேஓபிஸில் திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று கிடக்கும். “மாஸ்டர், ஃபைல் கெட்டுப்போச்சு” என்று பிள்ளைகள் ஓடியிருக்கிறார்கள். கோப்புக்கு ஒன்றுமில்லை. பாமினி யூனிகோட் எழுத்துரு அல்ல, ஆங்கில எழுத்துகளின் முகத்தைத் தமிழாக மாற்றிக் காட்டுவது. ஃபொன்ட்ஸ்-டிஏஎம்எல் போட்டாலும் பயனில்லை, அதில் வருபவை யூனிகோட் எழுத்துருக்கள். மாஸ்டரின் பழைய கணினியிலிருந்த பாமினி கோப்பை, வீட்டுக் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் டொட்-லோக்கல், ஷேர், ஃபொன்ட்ஸ் என்ற இடத்தில் போட்டு ‘எஃப்சி-கேஷ் -எஃப்’ கொடுத்ததும் எழுத்து தெரிந்தது. வாசிக்க அது போதும். தேட வேண்டுமானால் யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும், அந்த வேலை இன்னும் பாதியில் நிற்கிறது.

இப்போதைய நிலை

23.10 லெப்டொப்கள் இரண்டும் ஓல்ட்-ரிலீசஸ் முகவரியோடு சில வாரம் ஓடின. கிட்டத்தட்ட 6 ஜிபி வரும் 24.04 நிறுவல் கோப்பைப் போன் டேட்டாவில் இறக்குவது நடக்காத காரியம். கொழும்பில் வேலை செய்யும் ஒருவர் தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது பென் டிரைவில் கொண்டுவந்தார். இருந்த கோப்புகளைப் பிரதி எடுத்துவிட்டு இரண்டிலும் புதிதாகவே நிறுவினோம். மேம்படுத்தும் வழியும் உண்டு. அதற்கும் ஒரு ஜிபிக்கு மேல் இறங்க வேண்டியிருக்கும், நடுவில் இணைப்பு அறுந்தால் அரைகுறையாக நிற்கும். 24.04க்கு 2029 வரை பொதுத் திருத்தங்கள் உண்டு.

இப்போது மூன்று லெப்டொப்களும் ஒரே பதிப்பு என்பதால், ஒன்றில் இறக்கிய பொதி மற்ற இரண்டுக்கும் செல்லும். அவற்றுக்கென ஒரு பென் டிரைவ் படிப்பகத்தின் அலுமாரியில் இருக்கிறது. அதில் டெப் கோப்புகளோடு, நிறுவிய பொதிகளின் பெயர்கள் மட்டும் எழுதிய ஒரு உரைக் கோப்பும் உண்டு. பழைய டெஸ்க்டொப்பை 24.04க்கு மாற்ற முடியாது, உபுண்டு 32 பிட் நிறுவலைக் கைவிட்டு நாளாகிறது. அதை இணைப்பிலிருந்து கழற்றி, மாஸ்டரின் திருத்த வேலைக்கென்று லிப்ரேஓபிஸும் ரெங்கநாதனும் மட்டும் வைத்துக் கொடுத்தாயிற்று. அவருக்கு அந்தப் பழைய கீபோர்டின் சத்தம்தான் பிடிக்குமாம்.